தாமிரபரணிக் கரையில் ஒரு பேரேடு

கூட்டுறவுச் சங்கத்தில் 33 ஆண்டுகள் கணக்கு எழுதிய பழக்கத்தினால், ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போன முதல் நாளிலேயே நீளமான நோட்டு ஒன்றையும் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்ததால், சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இருக்கும் எங்கள் சிற்றூரின் படித்துறையில் தாமிரபரணி முழங்காலளவுக்குச் சுருங்கி, பாறை இடுக்குகளில் ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறைந்து ஓடிய காலத்தில் கண்ணில் படாமல் அடியில் படிந்திருந்த வேட்டிகள், சேலைகள், பாலிதீன் பைகள், ஷாம்பு உறைகள், மதுப்புட்டிகள், மருந்து அட்டைகள் எல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டன. நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அன்று 19 சாக்குகள் நிரம்பின. தேதியையும் சாக்குகளின் எண்ணிக்கையையும் வந்தவர்களின் பெயர்களையும் எழுதிக் கீழே கோடு போட்டு முடித்தேன். அந்தப் பேரேடு இப்போது ஐந்தாவது நோட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

வேறு ஊர்களிலிருந்து, பெரும்பாலும் இளைஞர்கள், தங்கள் ஊர் ஆற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று பேசும்போது பாதி விடுபட்டுப் போகிறது. ஆகவே நாங்கள் செய்தவற்றையும், செய்யாமல் இருந்திருக்க வேண்டியவற்றையும் முறையாக எழுதி வைக்கிறேன்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை வழியில் வந்து சேர்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றின் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பி, கார், பிசானம் என்னும் இரண்டு போக நெல்லையும் பல்லாயிரம் வாழைத் தோட்டங்களையும் வளர்க்கின்றன. இதற்கு மேல், ஆற்று மணலுக்குள் இறக்கப்பட்ட உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கும் விருதுநகர் மாவட்டத்தின் சில ஊர்களுக்கும் குடிநீர் போகிறது. எங்கள் படித்துறையில் ஒருவர் எறியும் பொருள், நாலைந்து தாலுகா தாண்டி யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீருக்குள்தான் போய் விழுகிறது. இதை அறிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் ஆண்டில் நாங்கள் பட்ட பெரிய அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதத்தில் ஒரு கல்லூரியிலிருந்து இருநூறு மாணவர்கள் பதாகைகளுடன் வந்தார்கள். அவர்கள் மனமுவந்து உழைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் எங்கள் எண்ணூறு மீட்டர் கரையும் துடைத்து வைத்தது போல் ஆயிற்று. ஆனால் அள்ளியதை ஏற்றிச் செல்ல வண்டிக்கு நான் ஏற்பாடு செய்திருக்கவில்லை. மறுநாள் ஊராட்சி டிராக்டர் வரும் என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, சாக்குகளைக் கரையிலேயே அடுக்கி வைத்தோம். டிராக்டர் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு மேற்கே பெய்த மழையில் ஆறு ஏறி, பாதிச் சாக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த மாணவர்களுக்கு நான் செய்த துரோகம் அது என்றே இன்றும் நினைக்கிறேன். அன்று முதல் எங்களிடம் உள்ள முதல் விதி இதுதான்: அள்ளியது எங்கே போகும், எந்த வண்டியில் போகும், யார் இறக்கிக்கொள்வார்கள் என்பது முடிவாகாமல் யாரும் ஆற்றுக்குள் கால் வைப்பதில்லை. துணி தனி, பாட்டில் தனி, மக்காத பிளாஸ்டிக் தனி என்று கரையிலேயே பிரித்தும் விடுகிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் புட்டிகளை எடுத்துக்கொள்வதால் சுமையில் கணிசமான பகுதி அங்கேயே குறைந்துவிடுகிறது.

கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் அன்றோடு விட்டுவிட்டோம். எட்டுப் பேர், அதே எண்ணூறு மீட்டர், வாரந்தோறும் அதே நேரம் என்று வைத்துக்கொண்டோம். ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதன் பயன், பேரேட்டைப் புரட்டிப் பார்த்த போதுதான் விளங்கியது. தொடக்கத்தில் சாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். அதில் ஏற்றத்தாழ்வு தெரிந்ததே தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, துணி, சிறு பிளாஸ்டிக் உறை, கண்ணாடி, இறைச்சிக் கழிவு, மருத்துவக் கழிவு, பூஜைப் பொருட்கள் என்று பத்திகள் பிரித்து எழுதத் தொடங்கியதும் ஆறு தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கியது. துணி அமாவாசைக்கு அடுத்த வாரங்களில் குவிந்தது. கண்ணாடி சனிக்கிழமை இரவுகளுக்குப் பிறகு வந்தது. கோழிச் சிறகுகளும் குடல்களும் திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மிகுதியாக இருந்தன. ஞாயிறு வியாபாரத்தின் மிச்சம் அவை. எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்பதை இப்படிக் கண்டுகொள்ளாமல் எத்தனை சாக்கு அள்ளினாலும் அது நம் உடற்பயிற்சியாகவே முடிந்துபோகும்.

இந்த அறிவு எனக்குத் தானாக வந்தது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். படித்துறையில் தினமும் விடியற்காலையில் குளிக்க வரும் ஆச்சி ஒருவர், இரண்டு ஆண்டுகள் எங்களைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் கேட்டார்: "தம்பி, நீங்க அள்ளுதது எல்லாம் சரிதான். இது எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது ஓடையோட நடந்து பாத்தீங்களா?" நாங்கள் பார்த்திருக்கவில்லை. படித்துறைக்கு அறுபது மீட்டர் மேற்கே, புதர்களுக்குள்ளிருந்து வந்து ஆற்றில் விழும் ஓடையை மழைநீர் ஓடை என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். அடுத்த ஞாயிறு சாக்குகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, நான்கு பேர் அந்த ஓடையின் வழியே மேலேறி ஊருக்குள் நடந்தோம்.

நடந்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நான்கு தெருக்களின் சாக்கடை அதில் சேர்வதைக் கண்டோம். சில வீடுகளில் கழிப்பறைத் தொட்டி நிரம்பி வழியும் குழாயையே தெருச் சாக்கடையில் இணைத்திருந்தார்கள். முடிதிருத்தும் கடையின் முடி மூட்டைகளும், இரண்டு இறைச்சிக் கடைகளின் கழிவும், கல்யாண மண்டபத்தின் இலையும் பிளாஸ்டிக் குவளைகளும் ஓடைக்கரையில் கிடந்தன. ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்து, பள்ளி மாணவன் ஒருவன் வரைந்த ஓடைப் படத்தில் எண் போட்டுக் குறித்தோம். மொத்தம் 14 இடங்கள். ஆற்றங்கரையில் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் போராடிக்கொண்டிருந்த பெருங்குவியல், ஊருக்குள் பெயர் சொல்லக்கூடிய பதினான்கு வாசல்களாகச் சுருங்கியதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. ஆற்றைக் காக்க விரும்புபவர்கள் தங்கள் முதல் மாதத்திலேயே இந்த நடையை நடந்துவிட வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்டுகள் தாமதித்தோம்.

அந்தப் பதினான்கில் ஆறு இடங்கள் வெறும் பேச்சிலேயே சரியாயின. இறைச்சிக் கடைக்காரரிடம் போனபோது, குற்றம் சாட்டும் குரலில் பேசக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். கழிவை எங்கே போடுவது என்பது அவருக்கும் உண்மையான சிக்கலாகவே இருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா அண்ணாச்சி? ஒரு குழி எடம் காட்டுங்க, நான் போடுதேன்" என்றார். ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தென்னைகளுக்கு இடையே குழி வெட்ட அனுமதித்தார். கழிவு போட்டதும் சுண்ணாம்பும் மண்ணும் போட்டு மூட வேண்டும் என்பது ஒப்பந்தம். அன்றிலிருந்து எங்கள் பேரேட்டில் இறைச்சிக் கழிவுப் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போவதற்கும், வெறுங்கையோடு போய்ப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கற்றேன்.

மற்ற எட்டு இடங்களுக்கு அலுவலகங்களை நாட வேண்டியிருந்தது. இங்கேதான் பலரும் மனம் தளர்ந்து விலகிவிடுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் எழுதிய மனுவை, "தாமிரபரணி மாசடைகிறது, நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதியிருந்தேன். அது ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, ஏழு மாதங்கள் சுற்றிவிட்டு, எங்கள் வரம்பில் இல்லை என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்தது. ஆறு என்பது நம் கண்ணுக்கு ஒன்று. அரசின் கண்ணுக்குப் பல. நீரும் கரையும் நீர்வளத்துறையிடம், புறம்போக்கு நிலமும் ஆக்கிரமிப்பும் வருவாய்த்துறையிடம், சாக்கடையும் குப்பையும் உள்ளாட்சியிடம், நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், மணல் கனிமவளத்துறையிடம் இருக்கின்றன. ஆகவே ஒரு மனுவில் ஒரு சிக்கலை மட்டும், அதற்குரிய ஒரே அலுவலகத்துக்கு எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வகையும் உரிமையும் எழுதியுள்ள ஏடு) புலப்படத்தையும் பார்த்து, அந்த இடத்தின் புல எண்ணையும் அது என்ன வகைப் புறம்போக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். படத்தில் தேதி இருக்க வேண்டும். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிப் பேரேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, "இந்த எண்ணுள்ள மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இன்று யாரிடம் உள்ளது" என்ற இரண்டே கேள்விகளைக் கேட்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். கோபமாக எழுதப்பட்ட நான்கு பக்க மனுவை விட, புல எண்ணோடு கூடிய அரைப்பக்க மனு எப்போதும் விரைவாக நகர்ந்திருக்கிறது.

நீரின் தரத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் தேவை. ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் மட்டும் நீரெடுத்துச் சோதித்தால், ஆறு முழுவதுமே அப்படித்தான் வருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரிகளை ஒரே காலையில் எடுத்து, இரண்டுக்குமான வேறுபாட்டைக் காட்ட வேண்டும். குளிப்பதற்குரிய நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். இந்த இரண்டு எண்களையும் எங்கள் குழுவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் அறிந்து வைத்திருக்கிறோம்.

2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்து முடிந்த பின் வேலை வேகம் பிடித்தது. 2022 மே 1 கிராம சபையில் ஓடைக் கழிவுநீரை வடிகட்டிய பின்னரே விடவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஆண்களை விடப் பெண்களே அதிகமாகக் கை தூக்கினார்கள், ஏனெனில் படித்துறையை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் அவர்களே. ஓடை முடியும் இடத்தில், முதலில் வண்டல் தங்கும் தொட்டி, அடுத்துப் பெருஞ்சல்லி, சிறுசல்லி, மணல் என்று வரிசையாக நிரப்பிய கிடைமட்ட வடிகட்டி, இறுதியில் கல்வாழையும் கோரையும் நட்ட பாத்தி என்று 2023 கோடையில் அமைத்தார்கள். குளியலறை, சமையலறை நீரை இது நன்றாகவே தெளிய வைக்கிறது. கழிப்பறை நீரை இதில் விடவே கூடாது. ஆகவே வழியும் குழாய்களை இணைத்திருந்த வீடுகளில் தனித்தனி உறிஞ்சுகுழி வெட்ட வைப்பதற்கு மேலும் எட்டு மாதங்கள் வீடு வீடாக நடந்தோம். வண்டல் தொட்டியை மாதம் ஒருமுறை அள்ளாவிட்டால் மொத்த அமைப்பும் அடைத்து நின்றுவிடும் என்பதைத் தீர்மானத்தில் எழுதத் தவறியதால், அந்த ஆள்கூலிக்கு இன்னும் ஒவ்வொரு முறையும் மன்றாட வேண்டியிருக்கிறது. கட்டுவதற்கான பணத்தைக் கேட்கும் அதே தீர்மானத்திலேயே பராமரிப்புக்கான பணத்தையும் கேட்டுவிட வேண்டும்.

கழிவுநீரைத் தெளிய வைத்து விடும் இந்த யோசனை எங்களுக்குப் பஞ்சாபிலிருந்து வந்தது. அங்கே பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் சீக்கியத் துறவி, சாக்கடையாகிப் போன காளி பெயின் ஆற்றை 2000-ஆம் ஆண்டு முதல் மக்களைத் திரட்டித் தூர்வாரி மீட்டவர். ஆற்றைத் தூர்வாரியதோடு நில்லாமல், கரையோரக் கிராமங்களின் கழிவுநீரைத் தொட்டிகளிலும் குளங்களிலும் தெளிய வைத்து வயல்களுக்குத் திருப்பிய முறைதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன். ஊருக்கு ஊர் மண்ணும் மழையும் மாறும்; ஆனால் கழிவுநீருக்கு ஆற்றைத் தவிர வேறு ஒரு போக்கிடம் காட்ட வேண்டும் என்பது எங்கும் பொருந்துகிறது.

துணி விஷயம் வேறு வகையானது. அதில் சட்டத்தை விட மனிதரின் துயரம் முன்னே நிற்கிறது. பாபநாசத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் திதி கொடுத்தோ பரிகாரம் செய்தோ முழுகியெழுபவர்கள், உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுவதால், அங்கே தன்னார்வலர்கள் டன் கணக்கில் துணி எடுத்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை அவர்களோடு நின்றிருக்கிறேன். நீருக்கடியில் பாறையைச் சுற்றி இறுகிக் கிடந்த சேலைகளை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. முன்பு விட்டது பருத்தித் துணி, அது மக்கிப் போயிற்று. இப்போது விடுவது பாலியஸ்டர், அது பாறையோடு பாறையாகத் தங்கிவிடுகிறது. எங்கள் படித்துறையிலும் சிறிய அளவில் இதே வழக்கம் உண்டு.

தொடக்கத்தில் எங்கள் இளைஞர் ஒருவர், தந்தைக்குக் காரியம் செய்துவிட்டுத் துணியை விட்ட ஒருவரிடம் நீருக்குள் நிற்கும்போதே கடிந்து பேசிவிட்டார். அந்த மனிதர் எதுவும் சொல்லாமல் கண்ணீரோடு துணியை எடுத்துக்கொண்டு கரையேறினார். சொன்னது சரியான கருத்து. சொன்ன நேரம் பெருந்தவறு. பிறகு நாங்கள் படித்துறைப் புரோகிதர்களிடம் போய் உட்கார்ந்தோம். துணியைத் தானமாகக் கொடுப்பதே சிறப்பு என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். அதையே சங்கல்பம் சொல்லி முடித்த கையோடு காரியம் செய்ய வந்தவரிடமும் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். மேல்படியில் மூடியுள்ள மரப்பெட்டி ஒன்றை வைத்தோம். அந்தப் புரோகிதர் வாயிலிருந்து வரும்போது, துணியைப் பெட்டியில் போடுவது சடங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. 2025-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பாபநாசம் கோவிலைச் சுற்றி 500 மீட்டருக்குள் சோப்பு, ஷாம்பு விற்பதற்குத் தடை விதித்தபோது, அந்த உத்தரவின் நகலை எங்கள் ஊர்க் கடைக்காரர்களிடமும் காட்டினோம். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது என்றாலும், இரண்டு கடைகள் ஆற்றுக்குப் போகும் வழியில் ஷாம்பு உறைச் சரங்களைத் தொங்கவிடுவதை நிறுத்தின.

இனி, நான் மிகவும் வருந்தும் ஒரு செயலைச் சொல்ல வேண்டும். 2019-இல் நன்கொடை கொஞ்சம் சேர்ந்ததும், கரையை அழகாக்குவோம் என்று பொக்லைன் வைத்து நானூறு மீட்டருக்கு மண்டிக் கிடந்த எல்லாவற்றையும் வழித்தெடுத்தோம். சீமைக்கருவேலமரங்களோடு நாணலும் கோரையும் தாழையும் சேர்ந்தே போயின. செங்குத்தாக இருந்த மண்கரையைச் சரிவாகச் சீவினோம். ஊரார் பாராட்டினார்கள். அடுத்த பிசான மழையில், வேர் பிடிப்பு இல்லாத அந்தக் கரைதான் பொலபொலவென்று சரிந்து, பக்கத்து வாழைத் தோட்டத்தில் இரண்டு வரிசையை ஆற்றுக்குள் கொண்டுபோயிற்று. தோட்டக்காரருக்கு நாங்கள் குழுவாகச் சேர்ந்து நட்டஈடு கொடுத்தோம்.

நாங்கள் அழித்தது என்னவென்று முழுதாகப் புரிந்தது, அடுத்த ஜனவரியில் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டபோது. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு இதை நடத்தி வருகிறது. எங்களோடு வந்த அனுபவமிக்க இளம்பெண் ஒருவர், நாங்கள் சீவிய கரையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நேரா நிக்குற மண்சுவர்லதான் சார் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டும்" என்று மெதுவாகச் சொன்னார். தாழைக்கோழி நாணலுக்குள் கூடு வைக்கும், ஆள்காட்டி வெறும் மணல்திட்டில் முட்டையிடும் என்றெல்லாம் அவர் விளக்க விளக்க, அழகு என்று நான் நினைத்தது பறவைக்கு வீடிழப்பு என்பது உறைத்தது. அதன் பிறகு எங்கள் பேரேட்டில் பறவைக்கென்று ஒரு பத்தி சேர்ந்தது. கரையில் எதை வெட்டுவதாக இருந்தாலும், அதன் பெயரும் பயனும் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. இதே ஆற்றின் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக மரங்களில் கூடுகட்டும் பறவைகளைக் காத்துவந்ததால், அந்த இடம் 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முதலிலேயே அங்கே போய்ப் பார்த்திருந்தால் பொக்லைன் எங்கள் கரைக்கு வந்திருக்காது.

அமலைச்செடி மட்டும் இதற்கு விலக்கு. ஆகாயத்தாமரை என்று நூல்களில் சொல்லப்படும் இச்செடி கழிவுநீரின் சத்தை உண்டு, இரண்டு வாரத்தில் இருமடங்காகக்கூடியது. பூப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எடுத்ததை வெள்ளம் எட்டாத மேட்டில் போட்டு உலர்த்தினால் பெரும்பகுதி நீராகவே வற்றிப்போய், மிஞ்சுவது வாழைக்கு நல்ல மூடாக்காகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைத் தென்மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஆறு எங்கள் படித்துறையை மூழ்கடித்து, கோவில் மண்டபத்தையும் தாண்டி, தெருவுக்குள் வந்தது. நீர் வடிந்த பின் போய்ப் பார்த்தபோது, வடிகட்டித் தொட்டி முழுவதும் மண்ணால் மூடியிருந்தது. மூன்று ஆண்டுகளாக நட்டு வளர்த்த எழுபது கன்றுகளில் பதினொன்றே மிஞ்சின. எது போயிற்று, எது நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினோம். இரும்புக் கூண்டு போட்ட கன்றுகள் ஏறத்தாழ எல்லாமே போயிருந்தன. வெள்ளத்தில் வந்த அமலைச்செடியும் குப்பையும் கூண்டில் சிக்கிச் சுமையேறி, கன்றை வேரோடு இழுத்திருக்கின்றன. கரையின் தோள்பகுதியில், கூண்டில்லாமல் முள் மட்டும் வைத்து வளர்த்த மருதங்கன்றுகள் வளைந்து படுத்து, பின் நிமிர்ந்துகொண்டன. மருதூர், திருப்புடைமருதூர் என்று ஊர்ப் பெயர்களிலேயே இந்த ஆறு தன் மரம் எதுவென்று எழுதி வைத்திருக்க, நாங்கள் நிழலுக்காகவும் பூவுக்காகவும் வெளியூர்க் கன்றுகளை வாங்கி நட்டிருந்தோம். இப்போது கரையிலேயே உதிரும், ஐந்து சிறகுடைய மருதங்காய்களைப் பொறுக்கி, வீட்டுக் கொல்லைகளில் நாற்று வளர்க்கிறோம். நாவலும் புங்கனும் துணைக்கு.

உயிருக்கு ஆபத்து வரும் இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சிறுவனின் காலைப் புட்டிச் சில்லு கிழித்து ஒன்பது தையல் போட்ட நாளிலிருந்து, முழங்கால் வரை ரப்பர் காலணி இல்லாதவர் நீரில் இறங்குவதில்லை. ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற மருத்துவக் கழிவைக் கையுறை போட்டும் தொடுவதில்லை. படமெடுத்து உள்ளாட்சிக்குத் தகவல் தருகிறோம். கசம் (ஆற்றுக்குள் திடீரென ஆழமாகும் பள்ளம்) உள்ள இடங்களைச் சிவப்புத் துணி கட்டிக் குறித்திருக்கிறோம். அணையிலிருந்து நீர் திறக்கும் அறிவிப்பு வந்த வாரம் கரையோடு நின்றுவிடுகிறோம்.

மணல் திருட்டை இரவில் தனியாகப் போய்த் தடுக்கும் வீரத்தை யாரும் செய்ய வேண்டாம். வண்டி எண்ணையும் நேரத்தையும் தொலைவிலிருந்தே குறித்து, பலர் கையெழுத்திட்டுப் பகலில் கொடுத்தால் போதும். மணல் போனால் உறைகிணறு வற்றும் என்பதை ஊருக்குப் புரிய வைப்பதே நீண்டகாலக் காவல். இந்தப் போராட்டத்தில் எங்களுக்கெல்லாம் முன்னோடி, ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு அவர்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மதுரைக் கிளையில் தாமே வழக்குத் தொடுத்து, தாமே வாதாடி, 2010-இல் தடை ஆணை பெற்றபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு அவர்கள் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2024 நவம்பரில் நீதிபதிகளே திருநெல்வேலிக்கு நேரில் வந்து கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள். இவர்கள் இருவரும் தனி மனிதர்களாகவே நீதிமன்றப் படி ஏறினார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எங்கள் வழக்கம் எளியது. ரொக்கமாக வாங்குவதில்லை, சாக்கு, கையுறை, டிராக்டர் வாடகை என்று பொருளாகவோ செலவாகவோ நேரடியாகக் கொடுப்பவர்களிடம் மட்டும் பெறுகிறோம், அதுவும் பேரேட்டில் ஏறும். தேர்தல் நேரத்தில் யாருடைய படமும் போட்ட சட்டையை அணிவதில்லை. இந்த இரண்டினால் நாங்கள் இழந்த உதவிகள் உண்டு. ஆனால் ஊரில் எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் நின்று, "உங்கள் கழிவுக் குழாயை மாற்றுங்கள்" என்று கேட்கும் உரிமை எங்களிடம் மிஞ்சியிருக்கிறது.

தொடங்கிய ஆறு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். இப்போது வருபவர்கள் பதினொரு பேர், அவர்களில் ஏழு பேர் பெண்கள். ஓடையோடு நடந்து பார்க்கச் சொன்ன ஆச்சியின் பேத்தி கல்லூரியில் படித்துக்கொண்டே எங்களோடு வருகிறாள். என் கண்பார்வை மங்கியதால் ஐந்தாவது நோட்டை அவள்தான் எழுதுகிறாள். என்னுடையதை விட அவள் பத்திகள் நேராக இருக்கின்றன. சென்ற ஞாயிறு மொத்தம் இரண்டரைச் சாக்கு. துணி அரைச் சாக்கு, கண்ணாடி அரைச் சாக்கு, மற்றவை சிறு பிளாஸ்டிக் உறைகள். அவற்றில் பெரும்பாலானவை எங்கள் ஓடையில் வந்தவை அல்ல. மேற்கே அடுத்த ஊர் ஓடையிலிருந்து வருபவை என்று உறைகளில் ஒட்டியிருந்த கடை முத்திரைகளைப் பார்த்து அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த ஊரின் மகளிர் குழுவினரைப் போய்ப் பார்த்தோம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தங்கள் ஓடையோடு நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுப்பதற்கு, பத்திகள் போட்ட புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.